கலப்புமுறையில் விரிவுரையாளர் சான்றிதழ்: கடைசி வரிசையில் யார் வந்து உட்காருவார்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தப்பாகப் புரிந்துகொண்டு நீட்டி முழக்கக் கூடாது பாருங்கள். மலேசியாவில், சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மாவோடு இருக்கிறீர்கள். தனியார் கல்லூரி ஒன்றில் இளங்கலை மாணவர்களுக்குக் கணினி வலையமைப்பு நடத்துகிறீர்கள். முதுகலை கையில் இருக்கிறது, ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் 'டீச்சிங் குவாலிஃபிகேஷன்' ஒன்று எடுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பாதி இணையத்தில், பாதி நேரில் நடக்கும் படிப்பில் எடுத்தால் அதற்கு மதிப்பு உண்டா, இல்லை வேலையை விட்டுவிட்டு முழுநேரம் போகணுமா என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, "தோட்டத்துல நெட் லைனே ஒழுங்கா வராது, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் சரிப்படுமா அக்கா" என்று, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இவ்வளவு போதும்: புள்ளியியல் விரிவுரையாளராக 19 ஆண்டுகள். உங்கள் ஊர்ப் பக்கம்தான். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 42 வயதில், வேலையில் இருந்தபடியே, கலப்புமுறையில் இந்தச் சான்றிதழை எடுத்தேன். கடந்த 8 ஆண்டுகளாக மற்றவர்கள் எடுக்கும்போது அவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பு எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. மருத்துவமனை வார்டில் கற்பிப்பதைப் பற்றியோ, அரசாங்கப் பல்கலைக்கழகத்துப் பதவி உயர்வு பற்றியோ என்னிடம் கேட்டால் கைவிரித்துவிடுவேன். நான் இருந்ததெல்லாம் தனியார் பக்கம்.

மேலிடம் எந்தத் தாளைக் கேட்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. சிரிக்காதீர்கள், இதில் ஏமாந்து தப்பான படிப்பில் பணம் கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் பக்கம் 'கற்பித்தல் படிப்பு' என்றாலே எல்லாருக்கும் தஞ்சோங் மாலிம்தான் நினைவுக்கு வரும். 1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த இடம். பேரும் புகழும் நியாயமானதுதான். ஆனால் பட்டதாரிகளுக்கான ஆசிரியர் டிப்ளோமா என்று பொதுவாகச் சொல்வது, பழைய ஆட்கள் இன்னும் கே.பி.எல்.ஐ. என்று சொல்லும் அந்த வகை, பள்ளி வகுப்பறைக்கு ஆள் தயார் செய்வது. பதிமூன்று வயதுப் பிள்ளையை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று அதில் கற்றுக்கொள்ளலாம். இருநூறு பேர் மண்டபத்தில் வலையமைப்பு நடத்துவது வேறு கதை. இன்னொன்று, நிறுவனங்களிடம் லெவி வாங்கி ஊழியர் பயிற்சிக்குப் பணம் தரும் எச்.ஆர்.டி. கார்ப்பின் 'டிரெயின் த டிரெய்னர்'. சில நாள் பயிற்சி, நிறுவன ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கானது. அதன் சுருக்கப் பெயரைக் கேட்டுவிட்டு இதுதான் அது என்று ஓடாதீர்கள். மூன்றாவது, 'பெர்மிட் மெங்ஙாஜார்'. தனியார் உயர்கல்விக் கூடங்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் 555இன்படி அங்கே கற்பிக்க வேண்டியிருக்கிற அனுமதி. அது உரிமம், தகுதி அல்ல. உங்களுக்காகக் கல்லூரி ஏற்கெனவே எடுத்திருக்கும். நான்காவது, எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் மையங்களில் பயிற்றுநராக இருப்பவர்கள் எடுக்கும் வி.டி.ஓ. என்ற சான்றிதழ். உங்களுக்கு அதுவும் தேவை இல்லை.

உங்கள் மேலிடம் கேட்பது பெரும்பாலும் உயர்கல்வியில் கற்பிப்பதற்கான பட்டமேற்சான்றிதழாகத்தான் இருக்கும். 'பெரும்பாலும்' என்கிறேன், ஏனென்றால் இது நாடு முழுக்க எல்லா விரிவுரையாளருக்கும் போட்ட சட்டம் இல்லை. நாட்டில் உயர்கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் எம்.கியூ.ஏ. பார்ப்பது பொதுவாக நீங்கள் நடத்தும் நிலைக்கு ஒரு படி மேலே பட்டம் இருக்கிறதா என்பதை: டிப்ளோமா நடத்த இளங்கலை, இளங்கலை நடத்த முதுகலை. அது உங்களிடம் இருக்கிறது. அதற்கு மேல் கேட்பது நிறுவனத்தின் சொந்த நிபந்தனை. அதனால் அவர்கள் எழுத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. மின்னஞ்சலில் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த நிலைச் சான்றிதழ், யார் அங்கீகரித்தது, கட்டணத்தில் நீங்கள் எவ்வளவு ஏற்பீர்கள். வாயால் சொன்ன பதிலை நம்பி ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். கல்லூரி எச்.ஆர்.டி. கார்ப்புக்கு லெவி கட்டுகிறதென்றால் அதிலிருந்து எடுக்க வழியிருக்கிறதா என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கேட்காதவனுக்குக் கிடைக்காது.

இந்தச் சான்றிதழ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் உள்ளடக்கம் ஏன் அப்படி இருக்கிறதென்று புரியும். 1997இல் பிரிட்டனில் டியரிங் குழு உயர்கல்வி பற்றிய தன் அறிக்கையில், பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வருகிறவர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதுவரை பி.எச்.டி. இருந்தால் கற்பிக்கத் தெரியும் என்று பொருள். அந்த வழியில் 2006இல் ஒரு தொழில்தரச் சட்டகம் வந்தது, 2011இலும் 2023இலும் திருத்தினார்கள். அதை வைத்திருக்கும் அமைப்பின் இன்றைய பெயர் அட்வான்ஸ் எச்.இ. இணை உறுப்பினர், உறுப்பினர், மூத்த உறுப்பினர், முதன்மை உறுப்பினர் என்று நான்கு படியாக 'பெல்லோஷிப்' தருகிறார்கள். இங்கேயும் ஒரு குழப்பம்: பெல்லோஷிப் தொழில்முறை அங்கீகாரம், பட்டமோ சான்றிதழோ அல்ல. அனுபவம் உள்ளவர்கள் தங்கள் கற்பித்தலை எழுதி, கூடப் பணிபுரிகிறவர்களின் பரிந்துரையோடு நேராக விண்ணப்பிக்கலாம். அங்கீகரித்த படிப்பு ஒன்றை முடித்தால் சான்றிதழும் பெல்லோஷிப்பும் சேர்ந்து வரும். உங்களுக்கு மூன்று ஆண்டு அனுபவம்தான் என்கிறீர்கள். படித்து எடுப்பதே நல்லது என்பேன். எழுதி மட்டும் வாங்கினால் பேர் வரும், கை வராது.

மதிப்புக்கு வருவோம். சான்றிதழ் இணையத்தில் வந்ததா நேரில் வந்ததா என்பது யாருக்கும் முக்கியம் இல்லை. அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். எம்.கியூ.ஆர். என்ற பெயரில் இணையத்தில் திறந்தே கிடக்கிறது, யாரும் தேடிப் பார்க்கலாம். படிப்பின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும், நிலை 7 (முதுகலை அளவு) என்றிருக்க வேண்டும், முழு அங்கீகாரமா தற்காலிக அங்கீகாரமா என்று பார்க்க வேண்டும். தற்காலிகம் என்றால் பொய் என்று அர்த்தம் இல்லை. புதிய படிப்பு எல்லாம் அப்படித்தான் தொடங்கும். ஆனால் நீங்கள் முதல் அணியில் மாட்டுகிறீர்கள் என்று தெரிந்தே சேருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நேராகத் தருவதானால், உங்கள் கல்லூரி அதை ஏற்குமா என்பதைத்தான் முதலில் எழுத்தில் வாங்க வேண்டும்.

நம் நாட்டில் தூரத்திலிருந்து படிப்பது நேற்றைய கதை இல்லை. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் 1971இலேயே தொலைக்கல்வி தொடங்கிவிட்டது. என் மாமா ஒருவர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்துகொண்டு, தபாலில் வந்த பாடக்கட்டுகளை மண்ணெண்ணெய் விளக்கில் படித்து அங்கே பட்டம் வாங்கினார். விடுமுறையில் சில வாரம் பினாங்கு போய் வகுப்பில் உட்கார்ந்து வருவார். இன்று 'கலப்புமுறை' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். மாமா அதைப் பெயர் தெரியாமலேயே செய்தார்.

மணிக்கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள், பலர் இங்கேதான் கவிழ்கிறார்கள். நம் நாட்டுக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. பட்டமேற்சான்றிதழ் 20 கிரெடிட், அதாவது 800 மணி. ஓர் ஆண்டில் முடிக்கப் பார்த்தால் வாரம் 15 மணிக்கு மேல், இரண்டு ஆண்டு என்றால் வாரம் 8 மணிக்குக் கொஞ்சம் குறைவு. பிரிட்டனில் இதே சான்றிதழ் 60 கிரெடிட் என்பார்கள், கேட்க மூன்று மடங்குபோல இருக்கும். அங்கே ஒரு கிரெடிட் 10 மணிதான், ஆக 600 மணி. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், மணியைக் கேளுங்கள். 'வாரம் 2 மணி போதும், 3 மாதத்தில் கையில் சான்றிதழ்' என்று விளம்பரம் வந்தால் அது வேறு ஏதோ. கல்லூரியில் உங்களுக்கு இரண்டு ஆண்டு கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், முதல் ஆண்டிலேயே முடித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். முன் அனுபவத்தைக் காட்டிக் கிரெடிட் வாங்கும் ஏ.பி.இ.எல்.சி. என்ற வழியும் உண்டு, 30 விழுக்காடு வரை. உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விலக்கு வாங்குகிற பகுதிதான் பெரும்பாலும் நமக்குத் தேவையான பகுதியாக இருக்கும்.

கலப்புமுறைப் படிப்புக்கு உள்ளே என்ன இருக்கும்? வழக்கமாக நான்கு சரக்கு. இணையத்தில் வாரம் வாரம் பாடமும் கலந்துரையாடலும். சில வார இறுதிகளில் நேரில் பட்டறை. உங்கள் சொந்த வகுப்பில் நீங்கள் நடத்துவதை ஒருவர் வந்து கவனிப்பது. கடைசியில் இதையெல்லாம் கோத்து எழுதும் தொகுப்பு, போர்ட்ஃபோலியோ. இதில் முதல் இரண்டும் எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான். படிப்பின் தரம் மூன்றாவதில் இருக்கிறது. நான் இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்வேன்: எத்தனை தடவை, யார், உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்காருவார் என்று கேளுங்கள்.

நான் முதலில் சேர்ந்த படிப்பில் அப்படி யாரும் வரவில்லை. பெயர் வேண்டாம். பதிவு செய்த ஸ்லைடுகள், ஒவ்வொன்றின் முடிவிலும் பத்துக் கேள்வி, தப்பினால் திரும்பத் திரும்ப அழுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை சமையல் செய்துகொண்டே இரண்டு பாடம் முடித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதத்தில் அழகான தாள் வந்தது. அடுத்த நேர்காணலில் அதை நீட்டினேன். எதிரே இருந்தவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க கிளாஸ யாரு அப்சர்வ் பண்ணாங்க?" என்று கேட்டார். பதில் இல்லை. தாளை மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டார். கட்டிய பணம் போனது போனதுதான்.

இரண்டாவது படிப்பில் என் முதல் கவனிப்பு நாள் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. புதன்கிழமை, மதியம் இரண்டு மணி வகுப்பு. நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைகள், குளிர்சாதனம் வேறு. நிகழ்தகவுப் பரவல் நடத்தினேன். கவனிக்க வந்த அம்மையார் ஒரு ஏ4 தாளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முடிந்ததும் கேன்டீனில் ஆளுக்கொரு தே ஓ வாங்கிக்கொண்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பக்கம் முழுக்கச் சிறு சிறு கோடு, நடுவே இரண்டே இரண்டு வட்டம். "கோடு நீங்க கேட்ட கேள்வி. வட்டம் பிள்ளைங்க சொன்ன பதில்." எண்ணினேன், 31 கோடு. பாதிக்கு மேல் 'ஓகே? அண்டர்ஸ்டேண்ட்?' ரகம். மிச்சத்துக்கு நானே கேட்டு நானே பதில் சொல்லியிருக்கிறேன். சில கோட்டுக்குப் பக்கத்தில் 1 என்று எழுதியிருந்தது. என்ன என்று கேட்டேன். "நீங்க காத்திருந்த வினாடி."

வேடிக்கை என்னவென்றால், அதற்கு மூன்று வாரம் முன்புதான் இணையப் பாடத்தில் இதைப் படித்துக் கட்டுரையும் எழுதியிருந்தேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். மூன்று வினாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய்திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வந்தது. எழுதியவளுக்குத் தன் வகுப்பில் அதுவேதான் நடக்கிறது என்று தெரியவில்லை. படிப்பின் இணையப் பகுதி செய்யக்கூடியதும் செய்யமுடியாததும் எனக்கு அந்தத் தே ஓ கோப்பையின் முன்னால்தான் புரிந்தது.

நம் தோட்டத்தில் இது தெரியாத விஷயமா? அம்மா சொல்வார், புதிதாக மரம் சீவ வருகிறவர்களை நல்ல மரத்தில் கைவைக்க விடமாட்டார்களாம். வெட்டிச் சாய்க்கப்போகிற கிழட்டு மரத்தில்தான் பழக விடுவார்கள். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பின்னால் நின்று பார்ப்பார். கத்தி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. பட்டை ரொம்ப மெல்லிசாகப் போனால் பால் பிடிக்கும் மங்கில் பால் சேராது. புத்தகத்தில் எழுதி வராத அளவு அது. விரிவுரையாளர்கள் நமக்குக் கிழட்டு மரம் என்று ஒன்று கிடையாது, தம்பி. முதல் நாளே பணம் கட்டிய பிள்ளைகள் மேல்தான் கத்தி வைக்கிறோம். மண்டோரும் கிடையாது.

இணையப் பகுதியைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். அதில் நீங்கள் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: ஜான் பிக்ஸ் 1996இல் எழுதிய 'கன்ஸ்ட்ரக்டிவ் அலைன்மென்ட்'. மாணவர் என்ன செய்யக் கற்க வேண்டும் என்று எழுதுகிறோமோ, வகுப்பில் செய்ய வைப்பதும் தேர்வில் கேட்பதும் அதுவாகவே இருக்க வேண்டும் என்பது. கேட்டால் சின்ன விஷயம். நீங்கள் ஒவ்வொரு செமஸ்டரும் பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும் அந்த அட்டவணை இருக்கிறதே, பாடத்தின் இலக்கு, படிப்பின் இலக்கு, மாணவர் செலவிடும் நேரம் எல்லாம் போட்டு சி.எல்.ஓ., பி.எல்.ஓ., எஸ்.எல்.டி. என்று, அதன் உயிர் இதுதான். உங்கள் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 'சிறு அலுவலகம் ஒன்றுக்கு வலையமைப்பை வடிவமைப்பார்' என்று மேலே எழுதியிருக்கும். இறுதித் தேர்வில் 'ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளைப் பட்டியலிடுக, 10 மதிப்பெண்' என்றிருக்கும். பிள்ளை புத்திசாலி, மேலே எழுதியதைப் படிக்காது, போன ஆண்டுக் கேள்வித்தாளைத்தான் படிக்கும். ஏழு அடுக்கையும் மனப்பாடம் செய்து ஏ வாங்கிப் போகும். வேலைக்குப் போன இடத்தில் ஒரு சுவிட்சைக் கொடுத்தால் முழிக்கும். அப்புறம் நாம் 'இந்தக் காலத்துப் பசங்க' என்று ஆரம்பிப்போம். இதைச் சரிசெய்ய யாரும் வந்து உட்கார வேண்டியதில்லை. அட்டவணையையும் கேள்வித்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே செய்யலாம், இரவு பத்து மணிக்கு, அம்மா தூங்கியபிறகு.

போர்ட்ஃபோலியோவில் நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'மீள்நோக்கி எழுதுக' என்பார்கள். நாம் தமிழ்ப்பள்ளியில் எழுதிப் பழகியது இன்பச் சுற்றுலாக் கட்டுரை. 'இறுதியில் அனைவரும் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்.' இங்கேயும் அதேதான் வருகிறது: வகுப்பு சிறப்பாக நடந்தது, மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர், நான் மேலும் மெருகேற்றிக்கொள்வேன். மதிப்பிடுகிறவளாகச் சொல்கிறேன், அதைப் படித்தால் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. 31 கோட்டையும் 2 வட்டத்தையும் எழுதுங்கள். அடுத்த வாரம் என்ன மாற்றினீர்கள், அப்போது எத்தனை வட்டம், எது மாறவே இல்லை என்று எழுதுங்கள். தோற்றதை எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயப்படுகிறார்கள். தோற்றதே இல்லை என்று எழுதினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இப்போது லைன் விவகாரம். நேரலை வகுப்பு எத்தனை, பதிவை இறக்கிப் பார்க்கலாமா, நேரலையில் வராவிட்டால் மதிப்பெண் போகுமா என்று சேருமுன் கேளுங்கள். பதிவை இறக்கிக்கொள்ள விடுகிற படிப்பானால் பாதிப் பிரச்சினை போச்சு. கல்லூரியில் இருக்கும்போதே இறக்கிக்கொண்டு வந்துவிடலாம். நேரலை நாளில் வேலை முடிந்து உடனே கிளம்பாமல் அலுவலக அறையிலேயே இருந்துவிடுங்கள். நான் பல வகுப்பைச் சிலிம் ரிவர் டவுனில் ஒரு கோப்பிக் கடையின் மூலை மேசையில் கேட்டேன். ரோட்டி சானாய் தட்டுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்கும், ஒலியை மூடி வைத்துக்கொண்டு தட்டச்சில் பதில் போடுவேன். மாலை மழையோடு இடி வந்தால் எந்த லைனும் நிற்காது, அதற்கு ஒருவரிடம் குறிப்பு வாங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வார இறுதிப் பட்டறை கோலாலம்பூரில் என்றால் தஞ்சோங் மாலிமில் காரை விட்டுவிட்டுக் கொம்யூட்டர் ரயில் பிடிப்பது உத்தமம். போகும்போது படிக்கலாம், வரும்போது தூங்கலாம்.

ஆனால் தோட்டத்தில் இருப்பதால் குறை என்று நினைத்தீர்களே, அது தலைகீழ். இந்தப் படிப்புக்குச் சோதனைக்கூடம் உங்கள் வகுப்பறை. முழுநேரமாக வேலையை விட்டுவிட்டுப் போனால் அந்த வகுப்பறையை விட்டுவிட்டுப் போகிறீர்கள். அங்கே யாருக்குக் கற்பித்துப் பழகுவீர்கள்? அறிமுகமில்லாத சக மாணவர்கள் முன்னால் பத்து நிமிடம் நடித்துக் காட்டுவதற்கும், திங்கள்கிழமை காலை உங்கள் பிள்ளைகள் முன்னால் நிற்பதற்கும் எவ்வளவோ தூரம். வேலையில் இருந்துகொண்டே கலப்புமுறையில் எடுப்பது இரண்டாந்தர வழி இல்லை, இந்தத் தொழிலுக்கு அதுதான் பொருத்தமான வழி என்பது என் தீர்மானம்.

எதெல்லாம் உறுதி, எதில் சந்தேகம் என்றும் சொல்லிவிட வேண்டும். கிரெடிட் கணக்கு, பதிவேடு, மேலே சொன்ன நான்கு தாள்களின் வேறுபாடு, இவை உறுதி. இந்தப் பயிற்சி உண்மையில் கற்பித்தலை மாற்றுகிறதா? கிப்ஸ், காஃபி என்ற இருவர் 8 நாடுகளில் 22 பல்கலைக்கழகங்களின் பயிற்சிகளைப் பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி பெற்றவர்கள் 'நான் என்ன சொல்லப்போகிறேன்' என்பதிலிருந்து 'அவர்கள் என்ன கற்கப்போகிறார்கள்' என்ற பக்கம் நகர்ந்தார்கள் என்றது. பயிற்சி இல்லாதவர்களிடம் அந்த நகர்வு இல்லை. ஆனால் அந்த இரு குழுவும் சீட்டுக் குலுக்கிப் பிரித்தவை அல்ல. புள்ளியியல்காரி என்ற முறையில் அதை நான் கண்ணைமூடி ஏற்க மாட்டேன். நம்பிக்கை தரும் சான்று, அவ்வளவுதான். கலப்புமுறை நேர்முறையைவிட நல்லது என்று சொல்ல அமெரிக்கக் கல்வித்துறையின் 2010 தொகுப்பாய்வை எடுத்து நீட்டுவார்கள். முடிவு அப்படித்தான் வந்தது. ஆனால் கலப்புமுறையில் படித்தவர்கள் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் பெற்றிருந்தார்கள் என்று அந்த ஆய்வே சொல்கிறது. எனவே இணையத்தின் மகிமை என்று யாராவது உங்களிடம் விற்றால், எத்தனை மணி நேரம் என்று திரும்பக் கேளுங்கள். சம்பளம் ஏறுமா என்பதற்கு என் கண்ணால் பார்த்தது இரண்டு பக்கமும் உண்டு. சில இடங்களில் ஏறியது, சில இடங்களில் சுவரில் மாட்டச் சட்டம் வாங்கிய செலவுதான் மிச்சம். அதனால்தான் எழுத்தில் வாங்குங்கள் என்றேன்.

சேருமுன் படிப்பு நடத்துகிறவர்களைத் தொலைபேசியில் பிடித்துக் கேளுங்கள். எத்தனை கவனிப்பு, குறைந்தது மூன்றாவது இருக்கிறதா. கவனிப்பவர் உங்கள் துறைக்காரரா, கற்பித்தல்காரரா. ஒருவராவது துறைக்கு வெளியே இருந்தால் நல்லது, அவருக்கு வலையமைப்பு புரியாததால்தான் பிள்ளைகளுக்கு எங்கே புரியவில்லை என்று பிடிப்பார். நேரில் வருவாரா, காணொளி அனுப்ப வேண்டுமா. காணொளி மட்டும் என்றால் கேமரா உங்களைத்தான் பார்க்கும், பிள்ளைகளைப் பார்க்காது. இரண்டாவது கேமரா கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். கவனித்தபின் உட்கார்ந்து பேசுவார்களா, படிவம் மட்டும் அனுப்புவார்களா. இந்த நான்குக்கும் நேராகப் பதில் சொல்லாமல் 'பிரோஷர்ல எல்லாம் இருக்கு சார்' என்றால் வைத்துவிடுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். வரும் வாரமே உங்கள் கல்லூரியில் நம்பிக்கையான ஒருவரை, கணக்கியல் நடத்துகிறவரோ யாரோ, கடைசி வரிசையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். கையில் ஒரு தாள். நீங்கள் கேட்டால் கோடு, பிள்ளை பதில் சொன்னால் வட்டம், வேறு ஒன்றும் எழுத வேண்டாம். அவருக்கு ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தாளை வாங்கி, தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். சேர்ந்தபிறகு முதல் மாதத்திலேயே, நீங்கள் இப்போது எப்படி நடத்துகிறீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். அப்போது அந்தத் தாள் வேண்டியிருக்கும்.